படித்துப் போன பிள்ளைகளோடு தொடர்பில் இருப்பது எப்படி? சின்னப் பள்ளிகளுக்கான முழு வழிகாட்டி

சென்ற ஆண்டு பள்ளி திறந்த முதல் வாரம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அலுவலக வாசலில் நின்றார். அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும் என்றார். எந்த வருஷம் படித்தீர்கள் என்று கேட்டோம். "வருஷம் ஞாபகம் இல்லை மிஸ். நம்ம வேப்பமரத்துல இடி விழுந்துச்சே, அப்ப நான் நாலாவது" என்றார். எங்கள் எழுத்தர் அம்மாவுக்கு அந்த ஒரு வரி போதும். பீரோவைத் திறந்து இரண்டாவது தட்டிலிருந்து பதிவேட்டை எடுத்தார். பத்து நிமிடத்தில் பெயர் கிடைத்தது, மறுநாள் சான்றும் கொடுத்தோம்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் முன்னாள் மாணவர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. ஐந்தாவதோடு டிசி வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனவர் என்பதால் அவரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் மரத்தில் இடி விழுந்ததை அவர் மறக்கவில்லை. "நம்ம" என்றுதான் சொன்னார்.

நான் வேலை பார்ப்பது டெல்டாவில் ஒரு சிறு ஊரில், அறக்கட்டளை நடத்தும் ஒரு தனியார் பள்ளியில். ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவு. பத்தாவது வரைதான். முன்னாள் மாணவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய பள்ளிகளின் வழி ஒத்துவராது. அங்கே அதற்கென்று ஓர் அலுவலகம், சம்பளத்துக்கு ஆள், மென்பொருள் எல்லாம் இருக்கும். நம்மிடம் இருப்பது பதிவேடும், பிள்ளைகளின் முகத்தை மறக்காத நான்கைந்து பேரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு முடிவு: யார் நம் மாணவர்?

பத்தாவது பாஸ் செய்தவர் மட்டுமா? எங்கள் பட்டியல் அப்படித்தான் தொடங்கியது. அது தவறு. ஒரு வருஷமே படித்திருந்தாலும், சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அவர் நம் மாணவர். இதை ஆரம்பத்திலேயே தலைமையாசிரியரும் நிர்வாகமும் சேர்ந்து முடிவு செய்துவிடுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பத்தாவதோடு நிற்கும் பள்ளிகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை எல்கேஜியிலிருந்து பன்னிரண்டு வருஷம் நம்மிடம் இருந்திருக்கும். பிளஸ் டூ படித்ததோ டவுனில் உள்ள பெரிய பள்ளியில், இரண்டே வருஷம். ஆனால் "எந்த ஸ்கூல்?" என்று கேட்டால் அந்தப் பெரிய பள்ளியின் பெயரைத்தான் சொல்வார்கள். இதற்காக வருத்தப்பட வேண்டாம். அவர்களை அங்கிருந்து இழுக்கவும் வேண்டாம். நம்மிடம் இருப்பது அவர்கள் பால் பல் விழுந்த காலம். அந்த இடத்தை வேறு எந்தப் பள்ளியாலும் எடுத்துக்கொள்ள முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செட்டுக்கு சராசரி 28 பிள்ளைகள், 20 வருஷம் என்றால் 560 பேர். இடையில் போனவர்களைச் சேர்த்தால் எழுநூறு, எண்ணூறு வரலாம். இது பயப்படும்படியான எண்ணிக்கை இல்லை. வாரத்துக்குப் பத்துப் பேரோடு பேசினால் ஒன்றரை வருஷத்தில் எல்லோரிடமும் பேசி முடித்துவிடலாம். சின்னப் பள்ளியாக இருப்பதன் பெரிய வசதியே இதுதான்.

பொறுப்பு இரண்டு பேருக்கு

ஒருவர் பள்ளிக்குள் இருக்க வேண்டும், ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் எழுத்தராகவோ பல வருஷம் பாடம் எடுத்த ஆசிரியராகவோ இருக்கலாம். வெளியே இருப்பவர் முன்னாள் மாணவர், அதுவும் உள்ளூரிலேயே இருப்பவர். சென்னையிலோ துபாயிலோ நல்ல வேலையில் இருப்பவரைப் போட்டால் கௌரவமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? எங்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தவர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு நகல் எடுக்க அவரிடம்தான் வருகிறார்கள்.

பதிவேட்டிலிருந்து பட்டியலுக்கு

சேர்க்கைப் பதிவேட்டையும் டிசி அடிக்கட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள். இதற்கு ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தேவைப்படும். அவசரப்படாதீர்கள். எந்தெந்தக் கட்டங்கள் வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெயரைத் தமிழில் ஒரு கட்டத்திலும் ஆங்கிலத்தில் ஒரு கட்டத்திலும் போடுங்கள். "ஜெயலட்சுமி"யை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். ஃபேஸ்புக்கில் தேடும்போது இது தெரியும். தந்தை பெயர், தாய் பெயர், அப்போதைய தெரு, கூடப் படித்த அண்ணன் தம்பி அக்கா தங்கை யார் என்பதற்கு ஒவ்வொரு கட்டம். உடன்பிறந்தவர் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒருவர் கிடைத்தால் மூவர் கிடைப்பது அதனால்தான்.

நம் ஊரில் தேடலைக் குழப்புவது இனிஷியல். "மு. செல்வி" என்று பதிவேட்டில் இருப்பவர் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதல் எழுத்தோடு "கு. செல்வி" ஆகியிருப்பார். வங்கிக் கணக்கிலும் வாட்ஸ்அப்பிலும் அந்தப் பெயர்தான். சிலர் எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியிருப்பார்கள், சிலர் வெளிநாடு போனபோது அப்பா பெயரைக் கடைசியில் சேர்த்திருப்பார்கள். ஆகவே "பள்ளியில் இருந்த பெயர்", "இப்போதைய பெயர்" என்று இரண்டு கட்டம். மூன்றாவதாகக் கூப்பிடும் பெயர். பாதிப் பேரைக் கூடப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரில்தான் தெரியும்.

அடுத்தது ஆண்டு. பத்தாவது முடித்த ஆண்டை எழுதினால், இடையில் நின்றவருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். பிறகு அவர் எந்தக் குழுவிலும் சேராமல் போவார். அதனால் "கூடப் படித்தவர்கள் பத்தாவது எழுதிய ஆண்டு" என்று எல்லோருக்கும் போடுங்கள். ஏழாவதில் நின்ற பையனும் அவன் செட்டிலேயே இருப்பான். ஃபெயிலாகி அடுத்த வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர் என்றால் இரண்டு செட்டையும் எழுதுங்கள், எதில் சேர வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். உங்கள் பள்ளி இன்னும் பழையது என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்தது. அந்தக் காலத்துப் பெரியவர்களை அந்தக் கணக்கில்தான் பிரிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். பதிவேட்டுப் பக்கத்தை போன் கேமராவில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பழைய கையெழுத்தைப் பார்த்தால் போடத்தான் ஆசையாக இருக்கும். அந்தப் பக்கத்தில் சாதி இருக்கிறது, அங்க மச்ச அடையாளம் இருக்கிறது, அப்பாவின் தொழில் இருக்கிறது. ஒருவருடைய வீட்டு நிலைமை நாற்பது பேர் கைக்குப் போய்விடும். பட்டியலில் சாதிக் கட்டமே வேண்டாம். ஷீட்டைத் திறக்கும் உரிமையும் அந்த இரண்டு பேருக்கும் தலைமையாசிரியருக்கும் மட்டும் போதும்.

தேடுவது

செட்டுக்கு இரண்டு பேரைப் பிடியுங்கள், ஓர் ஆண், ஒரு பெண். பெண் கட்டாயம் வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்ணின் புகுந்த வீட்டுக்கு ஓர் ஆண் திடீரென்று போன் செய்து "நான் கூடப் படித்தவன்" என்றால் அவருக்குத் தர்மசங்கடமாகப் போகலாம். பழைய தோழி பேசினால் அந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் பட்டியலில் முதல் இரண்டு வருஷம் ஆண்கள்தான் நிரம்பியிருந்தார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

வகுப்பு குரூப் போட்டோ இருந்தால் ஒரு நகல் எடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, செட் பொறுப்பாளரிடம் கொடுங்கள். வெறும் பெயர்ப் பட்டியலைக் காட்டினால் பத்துப் பேரைத்தான் சொல்வார்கள். போட்டோவைக் காட்டினால் இருபது பேர் நினைவுக்கு வருவார்கள்.

இன்னும் சிலரைக் கேளுங்கள். பள்ளி வேன் ஓட்டியவருக்கு எந்தப் பிள்ளை எந்த வீட்டு வாசலில் ஏறியது என்பது இன்றும் தெரியும். எங்கள் பழைய வேன் டிரைவரை ஒருநாள் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். கிராமம் கிராமமாக வீட்டைக் காட்டினார். "இந்தத் திண்ணையில ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கும், பேரனை ஏத்திவிட்டுட்டுத்தான் உள்ளே போகும்" என்றார். அந்தப் பேரன் இப்போது கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அன்று ஒரே நாளில் பதினேழு போன் நம்பர் கிடைத்தது. ஆயா, வாட்ச்மேன், பள்ளிக்கு எதிரில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் என்று இவர்களுடைய நினைவையும் பதிவேடாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கும் வயதாகிறது. இதை முதல் மாதமே செய்யுங்கள்.

இறந்துபோனவர்களின் செய்தியும் வரும். அந்தப் பெயரை அழிக்காதீர்கள். ஒரு குறிப்பு போட்டு அப்படியே வையுங்கள்; செட் பொறுப்பாளர்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு தாயாரிடம் போய் "பையன் எங்கே இருக்கிறான்" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

முதல் போன்

முதல் போனில் என்ன பேசுவது என்பதை நாங்கள் எழுதியே வைத்திருக்கிறோம். "நான் உங்கள் பள்ளியிலிருந்து பேசுகிறேன். பழைய பிள்ளைகள் எல்லோருடைய நம்பரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். எதுவும் கேட்பதற்காக இல்லை." கடைசி வரியை விடாமல் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து போன் என்றால் நன்கொடை என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தத் தயக்கம் குரலிலேயே தெரியும்.

என்ன வேலை, எவ்வளவு சம்பளம், கல்யாணம் ஆயிற்றா, எத்தனை குழந்தை என்று கேட்காதீர்கள். நமக்கு இது சாதாரண விசாரிப்பு. ஆனால் வேலை போனவருக்கும் விவாகரத்து ஆனவருக்கும் குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருப்பவருக்கும் அது குத்தும். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: யார் வகுப்பாசிரியர்? எந்த பெஞ்ச்? பக்கத்தில் யார் உட்கார்ந்தது? இப்போது யாரோடு பேசுகிறீர்கள்? இந்த நான்கு கேள்விக்குள் இன்னும் மூன்று பேருடைய விவரம் தானாக வந்துவிடும்.

நம்பரைக் குழுவில் சேர்க்கலாமா என்று அனுமதி கேட்ட பிறகே சேருங்கள். வேண்டாம் என்றால் "போனில் மட்டும்" என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் அடி வாங்கியதை, அவமானப்பட்டதைச் சொல்லி ஒருவர் போனை வைத்தால் திரும்பக் கூப்பிட்டு வாதாட வேண்டாம். அப்படி ஒருவர் என்னிடம் பேசினார். முழுக்கக் கேட்டேன், மன்னிப்புக் கேட்டேன், பள்ளி நிர்வாகத்திடமும் சொன்னேன். எட்டு மாதம் கழித்து அவரே பேசினார்.

வாட்ஸ்அப்

செட்டுக்கு ஒரு குழு. அது அவர்களுடையது, பள்ளி ஆள் அதில் இருக்க வேண்டாம். ஆசிரியர் இருந்தால் அவர்களால் மனம்விட்டுப் பேச முடியாது. பள்ளிக்கென்று தனியாக ஒரே ஒரு குழு, அதில் பொறுப்பாளர்கள் மட்டும் செய்தி போடும்படி அமைத்துவிடுங்கள். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் சின்னப் பள்ளிக்கு ஒன்றே போதும். ஒன்று கவனியுங்கள்: குழுவில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அது வேண்டாம் என்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புங்கள். பள்ளி நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் அது போய்ச் சேரும்; முதல் போனிலேயே சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

மாதம் ஒரு செய்தி, அதற்கு மேல் வேண்டாம். காலை வணக்கப் படம், அரசியல், சாதிச் சங்கச் செய்தி, சீட்டு, காப்பீட்டு விளம்பரம் எதற்கும் இடமில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாதச் செய்தியில் என்ன எழுதுவது? தலைமையாசிரியர் உரை வேண்டாம். வேப்பமரம் இந்த வருஷம் எவ்வளவு பூத்தது, மதியம் உட்கார்ந்து சாப்பிட்ட பழைய வராண்டாவில் இப்போது என்ன இருக்கிறது, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய நான்கு வரி. ஒரு போட்டோ. இவ்வளவு போதும். எங்கள் செய்திகளில் அதிகம் பேர் பதில் போட்டது பழைய மணியின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியதற்குத்தான். தண்டவாளத் துண்டு, சுத்தியலால் மூன்று அடி, அவ்வளவுதான். ஒருவர் அதைத் தன் போனில் ரிங்டோனாகவே வைத்துக்கொண்டார்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு வருஷம் ஒரு தபால் அட்டை. பொங்கலுக்கு முன் போய்ச் சேரும்படி போடுங்கள்.

அலுவலக ஜன்னல்

எந்த வழிகாட்டியும் இதைச் சொல்வதில்லை, அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன். முன்னாள் மாணவர் பள்ளிக்கு மறுபடி வருவதற்கு முக்கியக் காரணம் பாசம் அல்ல, சான்றிதழ். டிசி தொலைந்துபோயிருக்கும், பிறந்த தேதியில் குழப்பம் இருக்கும், பாஸ்போர்ட்டுக்குப் பெயர் எழுத்து ஒத்துப்போகாது. தமிழ்வழி இட ஒதுக்கீட்டுக்கு முதல் வகுப்பிலிருந்தே படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் நேரடி நியமன அரசுப் பணிகளில் 20 சதவீதம் அப்படிப் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்பதால், இடையில் பள்ளி மாறியவர்களும் நம்மைத் தேடி வருகிறார்கள்.

அன்று அந்த ஜன்னலில் அவருக்குக் கிடைக்கும் மரியாதையைத்தான் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பார். "நாளைக்கு வா", "எச்.எம். இல்லை" என்று அலையவிட்டுவிட்டு அடுத்த மாதம் ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்பினால் யார் வருவார்கள்? உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற தெளிவான பதில். வெளியூரில் இருப்பவர் என்றால் முன்கூட்டியே போனில் விவரம் வாங்கிக்கொண்டு, ஒரே முறை வந்தால் போதும் என்று ஏற்பாடு செய்யுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அவர் உட்கார்ந்த வகுப்பறையைக் காட்டுங்கள். கிளம்பும்போது நம்பர் கேளுங்கள். இல்லை என்று சொன்னவர் இதுவரை யாரும் இல்லை.

ஒன்றுகூடல்

தேதிதான் பாதி வேலை. எங்கள் அனுபவத்தில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட ஞாயிறு நன்றாக அமைகிறது. அரையாண்டு விடுமுறை, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும் நேரம், மார்கழி என்பதால் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்த நாளில் வைத்தால் பாதிப் பேர் ஏதாவது ஒரு கல்யாணத்தில் இருப்பார்கள். சனிக்கிழமை வசதி என்று நினைப்பவர்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்பவரையும் நினைக்க வேண்டும். அவருக்கு ஞாயிறுதான் விடுமுறை. காலையில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வந்து சேரும்படி பதினோரு மணிக்குத் தொடங்குங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள், ஆகவே சாப்பாடு சைவம். டிசம்பர் முடியவில்லை என்றால் ஆடி ஞாயிறு பாருங்கள். அப்போதும் கல்யாணம் இருக்காது.

இடம் பள்ளிக்கூடம்தான். ஓட்டல் வேண்டாம், மண்டபம் வேண்டாம். முடிந்தால் அவரவர் உட்கார்ந்த வகுப்பிலேயே உட்காரட்டும்.

தலைக்கு இவ்வளவு என்று வசூல் வைக்காதீர்கள். ஐந்நூறு ரூபாய் ஒருவருக்கு ஒன்றுமில்லை, இன்னொருவருக்கு அது ஒருநாள் கூலி. எங்கள் முதல் ஒன்றுகூடலில் இந்தத் தவறைச் செய்தோம். அன்று மதியம் தண்ணீர் கேன் இறக்க கேட்டுக்குப் போனேன். வெளியே மினி லாரி ஒன்று நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் 2003 செட். உள்ளே வரச் சொன்னேன். "இருக்கட்டும் மிஸ், லோடு இருக்கு, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு நின்னேன்" என்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார். லோடு அடிக்கப் போகிறவர் சலவைச் சட்டை போட மாட்டார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அடுத்த வருஷத்திலிருந்து வாசலில் மூடிய பெட்டி ஒன்று வைத்தோம். போட முடிந்தவர் போடலாம், போடாதவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பற்றாக்குறை வந்தால் நிர்வாகம் ஏற்கும். இதுவரை வந்ததில்லை.

அறிமுகத்தில் வேலையைச் சொல்லச் சொல்லாதீர்கள். மைக் வரிசையாகப் போகும்போது "நான் மேனேஜர்", "நான் டாக்டர்" என்று வந்து, அடுத்து இருப்பவர் தலை குனிவதை நான் பார்த்திருக்கிறேன். பெயர், செட், பள்ளியில் நடந்த ஒரு சம்பவம். அது போதும். மேடையில் நாற்காலி போடுவதாக இருந்தால் ஆசிரியர்களுக்கும் ஆயாவுக்கும் மட்டும். பொன்னாடை, நினைவுப் பரிசு, நீண்ட உரை மூன்றையும் குறையுங்கள். பேச வந்தவர்களைப் பேச விடுங்கள்.

ஆசிரியர்களை அழைக்கும்போது அழைப்பிதழோடு வண்டியும் போக வேண்டும். மூட்டு வலியோடு பஸ் ஏறி வரச் சொல்லக் கூடாது. வர முடியாதவர் வீட்டுக்கு மறுநாள் நான்கைந்து பேர் போய் வாருங்கள். சுயநிதிப் பள்ளியில் வேலை பார்த்த பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் போல ஓய்வூதியம் இல்லை. குறைந்த சம்பளத்தில் முப்பது வருஷம் நின்றவர்கள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து எதையாவது செய்வதென்றால் புதிய நுழைவாயில் வளைவுக்கு முன் இவர்களுடைய மருந்துச் செலவைப் பாருங்கள் என்பேன். எங்கள் 1999 செட் அப்படித்தான் ஒரு டீச்சருக்கு மாத மருந்து வாங்கிக் கொடுக்கிறது. மருந்துக் கடைக்கு நேராகப் பணம் போகிறது, டீச்சர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

உதவி கேட்பது

பணம் கேட்பதற்கு முன் ஒருவரோடு மூன்று முறையாவது வேறு காரணத்துக்காகப் பேசியிருக்க வேண்டும். இது எங்கள் விதி. முதலில் நேரத்தைக் கேளுங்கள். பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் எந்தக் குரூப் எடுப்பது, பாலிடெக்னிக்கா ஐடிஐயா என்று பிள்ளைகள் தவிக்கும்போது, அந்தந்தப் படிப்பைப் படித்த நம் பழைய மாணவர் பத்துப் பேர் போனில் கிடைத்தால் போதும். இன்ஜினியர் மட்டும் வேண்டாம். ஏசி மெக்கானிக், செவிலியர், நிலத்தில் இறங்கி விவசாயம் செய்பவர் எல்லோரும் வேண்டும்.

பணம் என்று வரும்போது குறிப்பாகக் கேளுங்கள். "பள்ளி வளர்ச்சிக்கு" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "ஆறாம் வகுப்புக்கு இரண்டு மின்விசிறி" என்றால் புரியும். பணம் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். தனி ஆளின் யுபிஐக்கு வாங்கவே கூடாது, எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும். வாங்கிய பில்லையும் மாட்டிய விசிறியையும் போட்டோ எடுத்து அதே வாரத்தில் அனுப்புங்கள்.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை சில உண்டு. அறக்கட்டளைக்கு 80ஜி அங்கீகாரம் இருந்தால் கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் அது இல்லை. சலுகை உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பிறகு மனவருத்தம் தேடிக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. நல்ல மனதோடு வந்த பணத்தால் பள்ளிக்கே சிக்கல் வரலாம். ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு வருஷா வருஷம் பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, ஆவணத் தாக்கல் எல்லாம் விடாமல் செய்ய வேண்டும். முதல் இரண்டு மூன்று வருஷம் இது வேண்டாம் என்பது என் கருத்து. தலைவர் யார், செயலாளர் யார் என்ற பேச்சு முன்னால் வந்தால் பிள்ளைகளைத் தேடும் வேலை பின்னால் போய்விடும். சங்கத்தின் பெயரில் பணம் சேர்த்துச் செலவழிக்கும் நிலை வரும்போது பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனிமேல் போகும் பிள்ளைகள்

பழையவர்களைத் தேடுவதில் இவ்வளவு கஷ்டம் ஏன்? போகும் நாளில் நாம் கேட்டு வைக்கவில்லை, அதனால்தான். டிசி வாங்க வரும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எந்த வகுப்பிலிருந்து போனாலும் சரி. அம்மா நம்பர், அப்பா நம்பர், ஊரை விட்டு அசையாத ஓர் உறவினர் நம்பர். பிள்ளையின் நம்பர் காலேஜ் போனதும் மாறிவிடும், தாய்மாமன் நம்பர் மாறாது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்பதால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. நம்பரை எதற்கு வைத்திருக்கிறோம் என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பதினெட்டு முடிந்ததும் ஒருமுறை அந்தப் பிள்ளையிடமே நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் கொடுக்கும் தாளில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது: "பள்ளியில் உனக்குப் பிடித்த இடம் எது?" இந்த வருஷம் பத்தாவதில் 26 பேர். ஒன்பது பேர் வேப்பமரம் என்று எழுதியிருந்தார்கள். இடி விழுந்து பட்டுப்போன பழைய மரத்தின் அடியில் துளிர்த்து வளர்ந்த மரம் அது. அந்த ஹெல்மெட்காரருக்கு அதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.